ஸ்டியரிங்குக்கும் உங்களுக்கும் நடுவே

அன்புள்ளவருக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஜெனிட்டா இப்போதுதான் தூங்கினாள். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

நேற்று சாயங்காலம் நெடுங்காட்டிலிருந்து நானும் அவளும் காரில் திரும்பினோம். பாதிச் சாலையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மஞ்சள் வெயிலில் அது சாலையாகவே தெரியவில்லை. பொன்னிறத்தில் ஓர் ஆறு எங்களோடு கூடவே வருவது போலிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்ததில், நெல்லுக்குக் காவலாக வைத்திருந்த பெரிய கல்லைக் கிட்டத்தில்தான் கண்டேன். பிரேக்கை மிதித்தேன். கார் நெல்மேல் வழுக்கிக்கொண்டே போனது, கனவில் போகிற மாதிரி, சத்தமே இல்லாமல். கல்லில் இடித்து நின்றது.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார்.

"நெல்லு மேல பிரேக்கு போடுவாங்களாம்மா? உள்ள புள்ள ஏதும் இருக்கா?"

பின்சீட்டைக் காட்டினேன். பெல்ட்டுக்குள் பத்திரமாக இருந்தாள்.

"நல்லவேள, மடியில வைக்கல."

என் தோளில் பெல்ட் பதிந்த தடம் இன்னும் வலிக்கிறது. ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு லீவிலும் அங்கேதான் அவளை உட்காரவைத்துப் பூவம் வரை ஓட்டுவீர்கள்.

"அப்பா வந்தா நான்தானே ஓட்டுவேன்?" என்று தூங்கப்போகும்போதும் கேட்டாள்.

வருஷத்தில் இருபது நாள்தான் அவள் உங்களுக்கு. அதிலும் இதைப் பறிக்கிறேன். இனி மடியில் வேண்டாம். அதை நீங்களே அவளிடம் சொல்வீர்களா?

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா