பத்தொன்பதாம் பகுதி

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பண்டத்தரிப்பு வாசிகசாலையின் நிர்வாகசபை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை ஏகமனதாக எடுத்தது. தெற்குச் சுவரோரம் நிற்கும் அலுமாரியின் இரண்டாம் தட்டில் ஒட்டவேண்டிய துண்டில் "தொடர்கள்" என்று எழுதுவது என்பதே அம்முடிவு. இரண்டு மணி நேரம், ஒரு கேத்தில் தேநீர், ஒரு வெளிநடப்பு. வெளிநடப்புச் செய்தவர் ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டுத் திரும்பி வந்து வாக்களித்தார்.

நீ இருந்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

தலைவர் நம்மைவிட மிகவும் இளையவர். "தொடர் எண்டா டிவியிலை போறதெல்லோ அண்ணை? சனம் குழம்பப்போகுது" என்றார். பொருளாளர் "தொடர்கதைகள்" என்று எழுதச் சொன்னார். ஆனால் அந்தத் தட்டில் பயணக் கட்டுரையும் இருக்கிறது. ஒருவர் தமது மூலவியாதியைப் பற்றிப் பதினாறு வாரம் எழுதியதும் இருக்கிறது. தவிர, "தொடர்கதை" என்ற சொல்லைப் பத்திரிகைகள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. குடிநீர்த் தட்டுப்பாடு தொடர்கதை, கட்டாக்காலி மாடுகளின் தொல்லை தொடர்கதை. நல்ல காரியம் எதுவும் தொடர்கதையானதாக நான் இதுவரை வாசித்ததில்லை. "பருவ வெளியீடு" என்பது மழை அறிவித்தல் மாதிரி இருக்கிறதென்று ஒதுக்கப்பட்டது.

செயலாளன் என்ற முறையில் துண்டை ஒட்டுவதற்கு அலுமாரியைத் திறந்தேன். உன் பசையின் மணம் வந்தது. கரப்பான் அரிக்காமலிருக்க மாப்பசையில் நீ துரிசு கலப்பாய். எல்லோரும் வாசித்து முடித்த வார இதழிலிருந்து பக்கங்களை வெட்டி, அடுக்கி, தைத்து, மட்டை போடுவாய். அப்படி ஊசியும் கையுமாக இருந்த ஒருநாள்தான் சொன்னாய்: "துண்டு துண்டா வந்தாப்போலை தொடராகாது மச்சான். இடையிலை கிடக்கிற ஆறு நாளும் சேர்ந்தாத்தான் தொடர்." நான் சிரித்தேன். தபால்காரனான உனக்கு அப்படித்தான் தோன்றும் என்றேன்.

போரில் பாதை பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் கொழும்பு இதழ் கிழமைக்குக் கிழமை வருவது நின்றுபோனது. வந்தால் கட்டாக வந்தது. ஊரே வாசித்துவந்த ஒரு கடல் கதையில் பதினெட்டுப் பகுதிகள் நம்மிடம் இருந்தன. பிறகு ஒரே கட்டாக இருபது முதல் முப்பத்திரண்டு வரை வந்து சேர்ந்தன. பத்தொன்பது மட்டும் இல்லை. பதினெட்டின் முடிவில் நடுக்கடலில் புயல். கப்பலில் கேசவன் என்ற இளைஞன். கரையில் அவனுடைய தாய்.

இருபதை வாசிக்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களுமாக ஊர் பிரிந்தது. பரமேசு அக்கா கூடாது என்ற கட்சி. "அந்தப் பெடியன் கரைசேர்ந்தானோ எண்டு தெரியாமல் நான் இருபதைத் தொடமாட்டன்" என்றுவிட்டார். அவருடைய ஒரே மகன் பிரான்சுக்கென்று வெளிக்கிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் உன் சைக்கிளைத் தன் வீட்டுப் படலையில் மறிப்பார்.

"ஒண்டும் இல்லையோ தம்பி?"

"நாளைக்குப் பாப்பம் அக்கா."

பருத்தித்துறையில் யாரோ வீட்டில் பத்தொன்பது இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் விடியவே சைக்கிளில் போனாய். பின்னேரம் பதினொரு கொப்பித் தாள்களோடு வந்தாய், அத்தனையும் உன் கையெழுத்தில்.

"ஏன்ரா, புத்தகத்தைத் தரமாட்டினமாமோ?"

"கொண்டுபோக விடேல்லை. இருந்து பாத்து எழுதினது. தேத்தண்ணியும் தந்தவை."

"பருத்தித்துறையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உவன் வழியிலை ஒரு மரத்துக்குக் கீழை இருந்து தானே எழுதிப்போட்டான்." வாசிகசாலையே சிரித்தது. நீ மட்டும், "வாசிச்சுப்போட்டுக் கதை" என்றாய்.

அதில் கப்பல் ஒரு அந்நியத் துறைமுகத்தை அடைகிறது. கேசவன் மூன்று வரி எழுதுகிறான்: "அம்மா, சுகமாகச் சேர்ந்துவிட்டேன். யோசிக்க வேண்டாம். தங்குமிடம் நிரந்தரமானதும் முகவரி அனுப்புகிறேன்." இருபது முதல் முப்பத்திரண்டு வரை அவன் பெயரே வருவதில்லை. "விலாசம் இன்னும் சரிவரேல்லை, அதுதான்" என்றார் பரமேசு அக்கா. அன்றே இருபதை எடுத்துப் போனார். அவருடைய மகனிடமிருந்து இன்றுவரை கடிதம் இல்லை.

அன்றிலிருந்து உன் கடைசி நாள் வரை உன்னை "எங்கடை எழுத்தாளர்" என்றே கூப்பிட்டேன். நீ ஒருமுறைகூட மறுக்கவில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு ஆய்வு மாணவி அசல் பத்தொன்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். அச்செடுத்து, தொகுப்பில் நீ ஒட்டிவைத்த தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்தாம் தாள் வரை ஒரு சொல் பிசகவில்லை. அச்சுப்பிழைகளைக்கூட அப்படியே எழுதியிருந்தாய். நீ பருத்தித்துறைக்குப் போயிருக்கிறாய். பதினோராம் தாளில் உள்ளது மட்டும் அச்சில் இல்லை. அச்சில் கப்பல் மூழ்குகிறது. கேசவனின் உடல் கிடைக்கவில்லை.

நான் உன்னை எழுத்தாளர் என்றது பதினொன்றில் ஒரு பங்கு சரி. மற்றப் பத்துப் பங்குக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிறு கூட்டத்தின் இரண்டாம் விடயம் அதுதான். அச்சுத் தாள்களை நான் வாசித்துக் காட்டவில்லை. வந்திருக்கிறது என்று மட்டும் அறிவித்தேன்.

"அசல் வந்திட்டுதெல்லோ, கையெழுத்தைக் கழட்டிப்போட்டு அதை ஒட்டுவம்" என்றார் பொருளாளர். "தொகுப்பிலை குறை இருக்கப்படாது."

நான் விதிக்கோவையைத் திறந்து ஒன்பதாம் விதியை வாசித்தேன். சுவரில் ஒட்டியிருந்த சாமிப்படங்களை யாரோ உரித்துக்கொண்டு போன வருடத்தில் நீ சேர்த்த விதி: ஒட்டியவரின் கையொப்பமின்றி ஒட்டியதைக் கழற்றலாகாது.

"ஒட்டினது ஆர்?" என்று தலைவர் கேட்டார்.

சொன்னேன்.

"அவர் செத்து எட்டு மாசமெல்லோ அண்ணை."

"ஓம்" என்றேன். அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.

அச்சுத் தாள்கள் என் மேசை லாச்சியில் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு என்னிடம். திங்கட்கிழமை பரமேசு அக்கா வந்து, வருடாவருடம் எடுப்பதுபோல, அந்தத் தொகுப்பை எடுத்துப் போனார். தவணை பதினான்கு நாள்.