மூன்றாவது ஆணியில் தொங்கிய சாவி

இன்று காலை ஒரு பெண் வந்து என் சாவிக்கொத்தைக் கேட்டாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து முதியோர் இல்லம் ஒன்றுக்கு வந்து இன்றோடு மூன்று நாளாகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். "பெரியம்மா, இனிமே நீங்க தனியா இருக்க வேணாம்," என்றான். தனியாக இருக்க வேண்டாம் என்று கூட்டிவந்து, நாற்பது பேருக்கு நடுவில் தனியாக விட்டுப் போயிருக்கிறான். போகட்டும், அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மாவுக்குக் காது கேட்காது. மற்றவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. மூன்று நாளில் நான் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

சாவி கேட்டவள் இங்கே வேலை பார்க்கிற பெண். நல்ல பிள்ளைதான். "டீச்சரம்மா, அலமாரி சாவி, பொட்டி சாவி எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துருங்க. சேஃப்டிக்குத்தான்," என்றாள். சாப்பாட்டுக்கு மேல் வா என்று அனுப்பிவிட்டேன். அவள் போகும்வரை கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன் போல. கையை விரித்தால் உள்ளங்கையில் அந்தப் பழைய இரும்பு வாடை. கொத்தில் நாலு சாவி. மூன்று என்னுடையவை. நாலாவது உன்னுடையது.

அந்தப் பூட்டை நீ வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். ஊரெல்லாம் நம் திண்டுக்கல் பூட்டு என்று பெருமை பேசுகிறார்களே, நீ அந்தக் கடைக்காரரை அழவைத்துவிட்டாய். ஏழெட்டுப் பூட்டைத் திறந்து திறந்து பூட்டினாய். "அம்மா, பேங்குக்கா வாங்குறீக?" என்று அவர் கேட்டதற்கு, "என் பொட்டிக்கு. உள்ள ரெண்டு சேலையும் ஒரு பவுடர் டப்பாவும் இருக்கு," என்றாய். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அன்று சாயங்காலம் முழுக்க அதைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தாய். உங்கள் வீட்டுப் பொறுப்பாளர் லூர்து அக்கா, "ஏத்தா, அது தேஞ்சு போயிரும்டி," என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

எரியோட்டுப் பக்கத்திலிருந்து உன் அண்ணன்மார் உன்னை மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட, அங்கே ஆறு வருடம் இருந்தாய். குணமாகிவிட்டது என்று டாக்டர் கடிதம் எழுதியும் கூட்டிப்போக யாரும் வரவில்லை. உன்னையும் சேர்த்து அப்படி வந்த நாலு பேர், லூர்து அக்காவோடு பேகம்பூரில் ஒரு வாடகை வீட்டில் குடும்பமாக இருந்தீர்கள். அந்த வீடு கிடைக்க நாங்கள் எத்தனை படி ஏறி இறங்கினோம்! கடைசியில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர்தான் கொடுத்தார். "அக்கம்பக்கத்துல கேட்டா பைத்தியம் கியித்தியம்னு சொல்லிட்டுத் திரியாதீங்க. அஞ்சு பொம்பளைங்க குடியிருக்காங்கன்னு சொல்லுங்க, போதும்," என்றார். மாவட்டத்தில் அப்படி இன்னும் சில வீடுகள் இருந்தன. அந்த வீடுகளை நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கணவர் போன பிறகு, பள்ளிக்கூட வேலையையும் முன்கூட்டியே விட்டுவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இதில் வந்து விழுந்தவள் நான்.

பயிற்சியில் என் முதல் பாடமே சாவிதான். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும், அவரவர் பெட்டிச் சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும். இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒரு மணி நேரம் பேசுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள். ஒரு தடவை பேச்சுத்துணைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். கோயில் ஹாலில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள், டீ வரும் நேரத்தில் எழுந்து வந்து, "டீச்சர், இப்படிச் சொன்னா ஏறாது," என்று என் காதில் சொல்லிவிட்டு, டீ கொண்டுவந்த தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாய்.

"எல்லாரும் உங்க சாவிய இதுல போடுங்க. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, அம்புட்டையும்."

விளையாட்டு என்று நினைத்துப் போட்டார்கள். நீ வாளியை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாய். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஐந்து நிமிடம் சிரித்தார்கள். பத்தாவது நிமிடம் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், அந்தம்மா எங்கீங்க? வண்டி ரோட்டுல நிக்குதுங்க." ஒரு அம்மாவுக்கு வீட்டில் பால் வாங்கி வைக்க வேண்டியது நினைவுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஹாலே சந்தைக்கடை ஆகிவிட்டது. நீ சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து வாளியை மேசையில் வைத்தாய்.

"செத்த நேரத்துக்கே இம்புட்டுத் துடிக்கிறீகளே. நான் ஆறு வருசம் இருந்தேன்."

ஒட்டன்சத்திரத்துக்காரர்தான் மெல்லக் கேட்டார், "சாவிய அவங்க கையில குடுத்தா திறந்துக்கிட்டு ஓடிப்போயிட மாட்டாங்களாங்க?"

"ஓடிப்போயி எங்க போறது? நீங்க வீடு குடுப்பீகளா?"

அவரே முதலில் சிரித்தார். அன்றைக்கு வாளியில் என் சாவியும் கிடந்தது. வீடு திரும்பும்போது பஸ்ஸில் நீ கேட்டாய். "டீச்சர், உங்க வீட்ல யாரும் இல்லேல்ல. நீங்க எதுக்கு வாசலையே பாத்துக்கிட்டு நின்னீக?" யாரும் இல்லாததால்தான் என்றேன். நீ உன் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாய். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

அதற்குப் பிறகு பயிற்சி என்றால் நீயும் வாளியும்தான். வேடசந்தூர், நத்தம், பழனி என்று எத்தனை பஸ் ஏறியிருப்போம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கவும் வந்தாய். ரேஷன் கார்டுக்காக ஒரு எழுத்தர் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம், "இவங்க பேரு என்ன?" என்றார். "என்னையவே கேளுங்க சார். பேரெல்லாம் மறந்துபோகல," என்றாய். அன்று முழுக்க எனக்கு நடையில் ஒரு மிதப்பு. உன்னை நான்தான் இப்படிப் பேச வைத்தேன் என்கிற அசட்டுப் பெருமை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு சட்டதிட்டம் மாறியது. இந்த மாதிரி வீடுகள் எல்லாம் அனுமதி வாங்க வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். இது ஆஸ்பத்திரி இல்லை, வீடு என்று நானும் நடையாய் நடந்து சொன்னேன். யார் கேட்டது? பார்வையிடும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சாவிகள் அனைத்தும் பொறுப்பாளர் வசம் உள்ளனவா? இல்லை என்று எழுதி வீட்டை மூடிவிட்டால்? நாலு பேரும் எங்கே போவீர்கள்? உன் அண்ணன்மாரா வரப்போகிறார்கள்?

அதிகாரி பார்க்க வருகிற அன்று காலை ஏழு மணிக்கே வந்துவிட்டேன். ஒரு பலகையில் ஆணி அடித்து, ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தேன். "எல்லாரும் பொட்டிச் சாவியக் கழட்டுங்க. சாயங்காலம் தந்துர்றேன்," என்றேன். அவசரத்தில் கைக்குக் கிடைத்த பாத்திரத்தை எடுத்து நீட்டினேன். அது அந்தத் தூக்குவாளி. சத்தியமாக நான் கவனிக்கவில்லை. நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கழுத்துக் கறுப்புக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, என்னைப் பார்த்துக்கொண்டே அதில் போட்டாய். மூன்றாவது ஆணியில் அதை நான்தான் மாட்டினேன்.

அதிகாரி வந்தார், பலகையைப் பார்த்தார், படிவத்தில் குறித்தார். "இவங்க ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்றார். நீ அவருக்கு எதிரில்தான் நின்றாய். "நல்லாச் சாப்பிடுவாங்க சார்," என்று நான் சொன்னேன். நீ வாயைத் திறக்கப்போனதைப் பார்த்தும்தான் சொன்னேன். ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிடுவாயோ என்று பயம். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க மேடம்," என்று பாராட்டிவிட்டுப் போனார். வீடு தப்பித்தது.

சாயங்காலம் மற்ற மூவரும் சாவியை எடுத்துக்கொண்டார்கள். நீ எடுக்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

"கோவமா? வீட்டக் காப்பாத்தத்தானடி செஞ்சேன்."

"தெரியும். நான் தரமாட்டேன்னா சொல்லப்போறேன்? இன்னின்ன மாதிரி ஆளு வாராக, குடுக்குறியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். கேட்க நேரமில்லை என்றேன், பதட்டம் என்றேன். மன்னித்துக்கொள் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற வாய்க்கு அது வரவில்லை. வறட்டு கௌரவம், வேறென்ன.

நீ என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. வந்தால் காப்பி தந்தாய், மீன்குழம்பு வைத்தால் சொல்லியனுப்பினாய். ஆனால் பெட்டி அன்றிலிருந்து திறந்தே கிடந்தது. அன்று காலை சேலை எடுக்கத் திறந்த பூட்டை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டாய். இரண்டு தடவை சாவியை உன் பெட்டிமேல் வைத்துவிட்டு நழுவிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தெருமுனைவரை ஓடிவந்து, "உங்க சாவிய மறந்துட்டுப் போறீக," என்று கையில் திணித்தாய். பயிற்சிக்கு வா என்றால், "அந்த வாளியத் தூக்க இப்பக் கூச்சமா இருக்கு டீச்சர்," என்பாய். நானே தூக்கிப் பார்த்தேன். எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து சொல்ல என்னிடம் என்ன இருந்தது? இரண்டு மூன்று பயிற்சியோடு அதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தால் பையைத் தூக்கி அங்கே வைத்துவிடுவேன்.

நீ நெஞ்சுவலியில் போன அன்று நான் சென்னையில் இருந்தேன். இந்த வீடுகளுக்கான விதியை மாற்றச் சொல்லி ஒரு கூட்டம். படிவத்தில் அந்தச் சாவிக் கேள்வியை எடுக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். அந்த நேரத்தில் பேகம்பூரில் வீட்டுக்கார பாய்தான் வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாராம். நான் வந்துசேரும்போது எல்லாம் முடிந்து வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. லூர்து அக்கா அழுதுகொண்டே உன் சேலைகளை மடித்தாள். பெட்டியைத் திறக்கச் சாவி எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. நான் மட்டும் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் என் கொத்தில் கோத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை வாசல் கதவைத் திறந்தேனோ, அத்தனை தடவையும் தவறாமல் முதலில் உன் சாவிதான் விரலில் மாட்டும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் என் வீட்டுக்குள் போக வேண்டும். உள்ளே போனால் பேச ஆளில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் மற்றவர்களின் சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது.

"ஏம்மா," என்றேன், "நீ கேக்குறியா, சொல்றியா?"

அவளுக்குப் புரியவில்லை. நான் வேலை பார்த்தது, நீ வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தது, எல்லாவற்றையும் கொஞ்சம் சொன்னேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு, "கேக்குறேன் டீச்சரம்மா. குடுக்குறீங்களா?" என்றாள்.

அலமாரிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். பெட்டிச் சாவியையும் கொடுத்தேன். வீட்டுச் சாவியைத் தரமாட்டேன் என்றேன், சரி என்றாள். உன் சாவியைத் தொட்டு, "அப்ப இது?" என்றாள்.

"அது என்னுது இல்லம்மா. என் கூட்டாளியோடது. அவகிட்ட கேக்காம குடுக்கக் கூடாது."

"சரி, கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கு வாரேன்," என்று எழுந்து போனாள்.

கறுப்புக் கயிறு ஒன்றை அவளிடமே வாங்கி, உன் சாவியை மட்டும் அதில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். உடைந்த கையோடு முடிச்சுப் போடத்தான் பாடாகிவிட்டது. நாளைக்கு அவள் வருவாள், நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும்.

அதனால் கேட்கிறேன். உன் சாவி என்னிடம் இருக்கலாமா?