கறுப்பு என்று சொன்னது நான்

அக்டோபர் 18, சனி

விடியும்போது தூறல். ஏழு மணிக்கு மேல் வெயில், புழுக்கம். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

தைலமரக் கட்டை அடுக்கில் பாம்பு. விறகு எடுக்கக் கையை விட்டேன், சீறல். நல்ல பாம்பு. கோதுமை நிறம், படம் என் உள்ளங்கை அகலம். கடப்பாரை கிட்டவே இருந்தது. முதல் அடி நடு முதுகில். திரும்பி வந்து கடப்பாரையைக் கொத்தியது. இரண்டாவது தலையில். அதற்குப் பிறகு எண்ணவில்லை. நிறுத்தினபோது தோள்பட்டை வலி, புடவையில் ரத்தம். மனசு லேசாக இருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை, பொய் எதற்கு. லேசாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் அடித்தது:
சாரை 2 (ஒன்று கோழிக்கூண்டில்)
கண்ணாடி விரியன் 1, கடலைக் கொல்லை
கட்டுவிரியன் 1, குளிக்கிற அறை
பேர் தெரியாத பச்சை 1
நல்லது 1, இன்று

வீட்டுக்காரர் பேர் நாகப்பன். பேரில்தான் நாகம். பாம்பு என்றால் கட்டில் மேல் ஏறி நின்றுவிடுவார். இன்றும் அங்கிருந்தே கேள்வி. "செத்துட்ச்சா மே? நல்லா பாத்தியா?" செத்தது உறுதியான பிறகு இறங்கி வந்தார், பால் ஊற்றினார், கும்பிட்டார். நான் வைக்கோல் போட்டுக் கொளுத்தினேன்.

அப்போது மருமகள் ஷிப்ட் முடிந்து வந்தாள். சிரிஷா. இனிமேல் சி. என்று எழுதினால் போதும், முழுப் பேருக்கு மை வீண். ஊர் ராயச்சோட்டிப் பக்கம். என் மகன் தினாவோடு ஒரே கம்பெனி, ஒரே லைன், அப்படியே கல்யாணம். மூன்று மாதம் ஆகிறது. நகரியில் என் அண்ணன் மகளைப் பேசி வைத்திருந்தேன். அண்ணன் இப்போது போன் எடுப்பதில்லை.

என் வீட்டில் தெலுங்கு கிடையாது. வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஊர் ஆந்திராவில்தான்; சந்தையில், மண்டல் ஆபீசில், பால் சொசைட்டியில் நான் பேசும் தெலுங்குக்கு அவளே அசந்து போவாள். அது வெளியே. உள்ளே தமிழ். வேண்டுமென்றால் கற்றுக்கொள்ளட்டும். இவரும் ஊத்துக்கோட்டையிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். இருபத்தைந்து வருஷமாக ரா, போ தவிர ஒரு தெலுங்கு வார்த்தை ஏறவில்லை. அவருக்காகத்தான் இந்தச் சட்டம் என்று சொல்லிக்கொள்வேன்.

"ஏ பாமு அத்தம்மா?" என்றாள். எந்தப் பாம்பு என்று.

"நல்ல பாம்பு."

கரியாகக் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். "அவுனு, நல்லகானே உந்தி."

புரிய ஒரு நொடி ஆயிற்று. அவள் பாஷையில் நல்ல என்றால் கறுப்பு. படம் எடுக்கிறதை அவர்கள் நாகு பாமு என்பார்கள். நான் நல்ல பாம்பு என்றது அவள் காதில் கறுப்புப் பாம்பு. எரிந்து கிடந்ததும் கறுப்பு. ஆமாம், கறுப்பாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

திருத்தியிருக்கலாம். "ஆமாண்டி, கருகருன்னு கீறதுதான் நல்ல பாம்பு" என்று ஜாடை காட்டிச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிக்கொண்டு போனாள். அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 22, புதன்

மழை. கொல்லையில் கணுக்கால் சேறு. இரண்டு கோழி முட்டை வைக்கவில்லை.

சனிக்கிழமை நாகுல சவிதியாம், பாம்புக்குப் பண்டிகை. பின்னால் வேப்பமரத்தடிப் புற்றுக்கு சி. பால் ஊற்ற வேண்டுமாம். அவர்கள் பக்கம் பெண்கள் விரதம் இருப்பார்களாம். தினா வக்காலத்து.

"ஒரு சொம்பு பாலுதானேமா. வுடேன்."

"நான் அடிச்சிக்கினு கீறேன். உம் பொண்டாட்டி பால் ஊத்தி வளக்கிறாளா?"

சி. ஏதோ மெதுவாகச் சொன்னாள், தெலுங்கில். என்னைப் பற்றியா, பாம்பைப் பற்றியா, காதில் சரியாக விழவில்லை. கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்தது. தள்ளித்தான் எறிந்தேனா, குறி தப்பியதா. தெரியாது.

யாரும் துன்னவில்லை. குழம்பு அப்படியே.

அக்டோபர் 24, வெள்ளி. சாயங்காலம், திருப்பதி, ஆஸ்பத்திரி வராந்தா

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து இருக்கும். மழை விட்டு நல்ல வெயில். தினா வேலைக்குப் போயாயிற்று. அவளுக்கு மதிய ஷிப்ட். அரிவாளோடு புற்றைச் சுற்றிப் புல் அறுக்கப் போனாள், நாளைப் பூஜைக்கு. வெறுங்கால். நான் துவைக்கிற கல்லில்.

கட்டை அடுக்கின் அடியிலிருந்து இன்னொன்று வந்தது. மண் நிறத்தில், மண்ணின் மேல். அவளுக்கு நாலடி முன்னால். "நல்ல பாம்புடி, நில்லு" என்று கத்தினேன்.

நின்றாள். தேடினாள். புற்றைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். கறுப்பாக எதையோ தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நொடியே தெரிந்தது. கையில் ஈரப் போர்வை, கையை நீட்டிக் காட்டவில்லை. நாகு பாமு என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னாலேயே இருந்தது. வரவில்லை. வரவில்லையா, நான் விடவில்லையா.

"லேது அத்தம்மா" என்று சிரித்தாள், ஒன்றும் இல்லையாம். காலை எடுத்து வைத்தாள்.

இடது பாதம், மேல்புறம்.

நான் ஓடினேன். அவளிடம் இல்லை. பாம்பிடம். கடப்பாரையால் அடித்தேன், முறிந்த பிறகும் அடித்தேன், மண்ணோடு சேர்த்து அடித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியாது. கட்டில் மேல் ஏறுகிறவர் இன்று இறங்கி ஓடி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாம்ப வுட்டுட்டு பொண்ணப் பாரு மே."

ஆட்டோவில் மண்டல் ஆஸ்பத்திரி. தினா கம்பெனியிலிருந்து நேராக வந்துவிட்டான். போவதற்குள் அவளுக்கு இமை தொங்கியது, நாக்கு குழறியது. ஊசி ஏற்ற ஆரம்பித்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள், ஏ பாமு, பார்த்தீர்களா என்று.

சி. வாயைக் கூட்டிச் சொன்னாள். நல்ல பாமு இல்லையாம். அத்தம்மா பார்த்தது நல்ல பாமு, அது வேறு. தன்னைக் கடித்தது கோதுமை நிறம்.

"ரெண்டு பாம்பா?" என்று நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

"ஒகட்டே. நாகு பாமு. நேனே சூசேனு" என்றேன். ஒன்றுதான், நாகம், நானே பார்த்தேன். தெலுங்கு எவ்வளவு சுலபமாக வந்தது. பாதி மூடிய கண்ணால் சி. என்னைப் பார்த்தாள்.

பிறகு 108, திருப்பதி. வழியில் மூச்சு இழுத்தது. இப்போது உள்ளே மிஷின். எங்களை விடவில்லை.

அக்டோபர் 25, சனி

மிஷின்தான் மூச்சு விடுகிறது. பிழைத்தால் நாளை மறுநாள் தெரியும் என்றார் டாக்டர். பிழைக்காவிட்டால் எப்போது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

தினா: "நீ முன்னாடியே பாத்தியாமா?"

"கத்தினேன்டா. நில்லுன்னு கத்தினேன்."

"இவ எப்பவும் இப்டிதான். சொல்றத காதுல வாங்க மாட்டா." சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மூன்று தடவை. நெற்றி புடைத்துவிட்டது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மாற்றுத் துணிக்கு வீடு வந்தேன். எடுக்க வேண்டியது: நைட்டி 2, சீப்பு, போர்வை, ஆதார் ஜெராக்ஸ், அவள் சார்ஜர்.

புற்றுக்குப் பக்கத்தில் அவள் அரிவாள். பாதிப் புல் அறுத்து ஒழுங்காகக் குவித்திருக்கிறாள். கடப்பாரை எடுத்துப் புற்றை இடித்தேன். இடுப்பளவு இருந்ததைத் தரைமட்டம் ஆக்கி, இன்னும் முழங்கை ஆழம் தோண்டினேன். கை கொப்புளம் உடைந்து ரத்தம். உள்ளே பாம்பு இல்லை, முட்டை இல்லை. கரையான் மட்டும். அதையும் மிதித்தேன்.

பஸ் தப்பிவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு. சிரிஷா தண்ணீர் கேட்டாள். தொண்டை புண், கிசுகிசு மாதிரி குரல். வராந்தாவில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். பிழைத்தாள் என்ற அழுகை. நான் தப்பித்தேன் என்ற அழுகையும் அதில் இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

பாதம்தான் சரியில்லை. கடித்த இடத்தைச் சுற்றி வீக்கம், கொப்புளம்.

அக்டோபர் 31, வெள்ளி

வார்டுக்கு மாற்றியாயிற்று. மழை, சன்னலோரம் ஒழுகல்.

பக்கத்துப் பெட்டில் நகரிக்காரம்மா, தறி ஓட்டுகிறவள், கை முறிவு. சிரிஷாவோடு தெலுங்கில் ஓயாத பேச்சு. நான் டீ வாங்கி வரும்போது அந்தம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தமிழும் தெலுங்கும் கலந்து. "நல்ல பாம்புன்னா நாகு பாமும்மா. எங்க தமிழ்ல நல்லன்னா மஞ்சிதி, நல்லது. கறுப்பு இல்ல."

சிரிஷா திரும்பி என்னைப் பார்த்தாள். டீ கையில் கொட்டியது. சூடு உறைக்கவே இல்லை.

தினாவிடம் சொல்லுவாள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அவன் மறுபடி, "எங்கம்மா கத்துனத கேட்டிருந்தா இது வந்திருக்குமா?" என்றான். அவள், "ஆமா. தப்பு நாதே" என்றாள். தப்பு என்னுடையதே என்று.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். கட்டுப் பிரிக்கிற நாள். இவரும் ஊரிலிருந்து வந்தார், பையில் கொய்யாப்பழம்.

நர்ஸ் துணியை உரித்தாள். பாதத்தின் மேல்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செத்து, எரித்த கட்டை மாதிரி கறுப்பு. அதை வெட்டி எடுக்க வேண்டுமாம், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். தினா தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை. நன்றாகப் பார்த்தாள். பிறகு என்னிடம், பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக:

"சூடு அத்தம்மா. இப்புடு நிஜங்கா நல்லகா உந்தி."

பார் அத்தை, இப்போது உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறது என்று.

இவர் முகம் மலர்ந்துபோயிற்று. "நல்லா கீதாமா? பெருமாளே" என்று சன்னல் பக்கம், மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவள் கண் என் மேலேயே.

"அவுனும்மா சிரிஷா. நல்லகா உண்டுந்தனி நேனே செப்பேனு" என்றேன். ஆமாம்மா, கறுப்பாக இருக்கும் என்று சொன்னது நான்தான். தெலுங்கில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

தினா நிமிர்ந்தான். "இன்னாமா? இன்னா சொன்ன நீ அவகிட்ட?"