வாடைக்குத் திறந்த தெருக்கள்

வெற்றி விளங்குக. ஆறு நதிகளின் கரைகளை ஒரு குடைக்கீழ் ஆளும் வேங்கைநாட்டு வேந்தர் கோ இளந்தத்தர் திருவடிகளுக்கு, தங்கள் உப்பை உண்டு வாழும் பனிமலை மண்டலக் காவலன் நக்கண்ணன் வணங்கி எழுதும் ஓலை. தலைநகரில் நெல் விளைக, நீர் பெருகுக, தங்கள் குலம் தழைக்க.

மூன்றாண்டுகளுக்கு முன் தாங்கள் பணித்தபடியே தத்தபுரத்தை எழுப்பினோம். இரு தேர்கள் இணைந்து செல்லும் அகலத்தில், தெற்கு வடக்காக நேரே ஓடும் ஏழு தெருக்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தோட்டம், நாற்புறமும் சாளரம். காற்று தடையின்றி உலவ வேண்டும் என்பது தங்கள் திருவுள்ளம். வெயில் கொளுத்தும் சமவெளிக்கு அது நன்மை. இந்த மலைக்கு அது நஞ்சாயிற்று.

அன்றே பெருந்தச்சன் ஓதலன் என்னிடம் வந்து, “இது காத்தை மறைக்க வேண்டிய எடம் ஐயா. வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும்” என்றான். அரச கட்டளையைப் பழித்தான் என்று அவனைப் பணியிலிருந்து நீக்கியவன் அடியேன். அதைத் தங்களுக்கு எழுதாமல் மறைத்தவனும் அடியேனே.

இம்மார்கழியில் வடக்குக் கணவாயிலிருந்து வாடைக்காற்று இறங்கிற்று. அருகிலுள்ள பழவாசலில், வளைந்த சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், வீடொன்றுக்கு நாளுக்கு ஒரு சுமை விறகு போதும். தத்தபுரத்திலோ நான்கு சுமை எரித்தும் குடத்து நீர் உறைகிறது. அந்த விறகுக்காக ஊருக்கு மேலிருந்த தேவதாருக் காடு முழுவதையும் வெட்டினோம். பிடித்து நிறுத்த மரமின்றி, ஆளுயரப் பனி இன்று எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. நான்கு நாளாக அச்சரிவு முனகுகிறது.

வெண்பூதி என்னும் நெசவுக்காரி தன் தறியை உடைத்துக் கணப்பில் இட்டாள். ஆயினும் விடியலில் அவள் கைக்குழந்தை விறைத்துக் கிடந்தது. நான் சென்றபோது அவள் அழவில்லை. “இத்தனை சன்னல் யாருக்காக வச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து பழவாசலுக்கு நடந்து, ஓதலன் வாயிலில் நின்று பொறுத்தருளக் கேட்டேன். அவன் தன் குறை ஒன்றும் பேசவில்லை. “எத்தனை பேரு?” என்றான். ஆயிரத்து இருநூறு என்றேன். “இங்க இருநூறு வீடு இருக்கு. வீட்டுக்கு ஆறு பேர அனுப்புங்க. நெருங்கிப் படுத்தா வெறகும் மிச்சம்” என்றான்.

மூன்று நாளாகத் தங்கள் அனுமதியின்றி நகரைக் காலி செய்துவருகிறேன். சரிவை ஒட்டிய ஏழாம் தெருவில் நோயுற்ற தொண்ணூறு பேர் எஞ்சியுள்ளனர். தை முதல்நாள் புதுநகர் புகத் தாங்கள் வருவதாகச் செய்தி உண்டு. வரவேண்டா; படையின் முரசும் தேர்க்காலும் அதிர்ந்தால் அப்பனி ஊர்மேல் சரியும். வேந்தருக்கு இச்சொல்லை எழுதிய குற்றத்துக்கு என் தலை தங்களுடையது.

வழிக்காவலர்க்கு ஆணை: எவர் கொடி ஏந்தி வரினும் தெற்குக் கணவாய்க்கு அப்பாலேயே நிறுத்துக. இவ்வோலையைத் தாமதிப்பவன் தொண்ணூறு உயிர்க்குப் பொறுப்பாவான்.

முத்திரையிட அரக்கு உருகும் இவ்வேளையில், கணவாய்க்கு இப்புறம் தங்கள் முன்படையின் முரசு கேட்கிறது. ஓலையைத் தூதன் கையில் கொடுத்துவிட்டு, ஏழாம் தெருவுக்கு ஓடுகிறேன்.

நக்கண்ணன் கைச்சாத்து.