என் கோலை எனக்கே சொன்னவர்

என் சண்டைக்காரிக்கு,

சாப்பாடு பரவாயில்லை. இருமல் நின்றுவிட்டது. பந்தை உதைக்கச் சம்பளமா என்று மாமா இன்னும் சிரிக்கிறாரா? குழுவில் எல்லோரும் நல்லவர்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

நேற்று என் கோலால் ஜெயித்தோம். மைதானமே எழுந்து நின்று கத்தியது. பிறகு குளிருக்கு மஃப்ளரை மூக்கு வரை சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். தூரத்து வரிசையில் நின்று ஆட்டம் பார்த்தவர். என்னை அடையாளம் தெரியவில்லை.

"மேட்ச் பாத்தீங்களா?" என்றார்.

ஏனோ, "இல்லீங்க, வர முடியல" என்று சொல்லிவிட்டேன்.

"பாதி வாழ்க்கை போச்சு போங்க" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டு, டம்ளர்களை நகர்த்தி நகர்த்தி என் கோலை எனக்கே விளக்கினார். நான் தாண்டியது இரண்டு பேரை. அவர் கணக்கில் ஆறு பேர். நானும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவர் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அது நான்தான் என்று சொல்லியிருந்தால், கைகுலுக்கிவிட்டு மரியாதையாக எழுந்து போயிருப்பார்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் நேரத்தோட வாங்க. என் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரம் நான் பந்தோடு ஓடும்போது, அவர் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாமல், எனக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் வீட்டுக்காரன்