முள் இறங்கினால் டாங்க் நிறையும்

ஏணியில் ஏறினால் கீழே பார்க்கவே பார்க்காத என் அப்பாவுக்கு,

மாமா இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகம் மடியில் திறந்து கிடக்கிறது. காலையிலிருந்து ஒரே பக்கத்தைப் படிக்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து ஓடுகிறேன். இப்போதுகூட ஓடிவிட்டுத்தான் வந்தேன். பால்காரர்.

மாமா எங்கே போயிருக்கிறார் தெரியுமா? உங்கள் மில்லுக்கு. உங்கள் டாங்குக்கு.

நாகமலை புதுக்கோட்டை தாண்டி, நூல் மில்லின் பின்பக்கம் வெயிலில் நிற்கிற அந்த டீசல் டாங்கைத்தான் சொல்கிறேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுவது அந்த டீசலில்தான். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நீங்கள் தினமும் இரும்பு ஏணியில் ஏறி, அளவுக் கம்பியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். ஒரு மழைக் காலையில் ஏறினீர்கள். ஏணி ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

இனிமேல் யாரும் ஏற வேண்டாம், கீழே நின்றே அளவு தெரிகிற மாதிரி செய்வோம் என்று மில்லில் முடிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா? தெரியவில்லை அப்பா. அந்த வேலையை மாமாவிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பழங்காநத்தத்திலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற, அம்மாவின் ஒரே தம்பியிடம். நீங்கள் போன பிறகு எங்களுக்கென்று இருக்கிற ஒரே ஆண் துணையிடம்.

சாமான்களை மாமா போன வாரமே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். பித்தளைத் தகட்டில் செய்த ஒரு மிதவைப் பந்து, பெரிய தேங்காய் அளவு. அதில் கட்ட மெல்லிய கம்பி. இரண்டு சின்னக் கப்பி. டாங்குக்குள் டீசல் மேல் பந்து மிதக்கும். அதில் கட்டிய கம்பி மேலே வந்து, கப்பி வழியாக வெளியே இறங்கும். அதன் நுனியில் ஒரு இரும்பு முள். அது எண்கள் எழுதிய பலகையைக் காட்டிக்கொண்டு தொங்கும்.

எண்களை எழுதியது நான்தான். "ஒன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும், எழுது பாப்பா" என்று பெயிண்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கீழே சுழியம் போட்டு, மேலே போகப் போக அடிக்கு ஒரு எண்ணாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக எழுதி வைத்தேன். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பள்ளிக்கூடத்துல முதல் மார்க்கு வாங்குற புள்ள! ஏத்தா, கெணத்துல ரெட்டை வாளி பாத்ததில்லையா? ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போகும். உள்ள பந்து ஏறுனா வெளிய முள்ளு இறங்கும்."

அப்படியென்றால் முள் மேலே நின்றால் டாங்க் காலி, கீழே இறங்கினால் நிறைந்திருக்கிறது. எல்லாம் தலைகீழ். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதும்போது அம்மாவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அம்மா பேச்சும் தலைகீழ்தானே? வீட்டில் அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்று, "அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கணும்" என்பாள். நீங்கள் கேலி செய்வீர்கள். "நான் டாங்கு மேல நின்னு இப்படிச் சொன்னேன்னு வை, லாரிக்காரன் டீசலோட திரும்பிப் போயிருவான்." இப்போது அதைச் சொல்லிக் கேலி செய்ய ஆள் இல்லை. அம்மா மட்டும் மாறவில்லை.

மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெருவில் யாரும் இல்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் இவ்வளவு தவிக்கிறேன் என்று கேட்பீர்கள். நேற்று சாயந்தரம் நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

மாமா பஜ்ஜிக்காகக் காத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். கடாய் நிறைய எண்ணெய். "இன்னும் காயலையா அக்கா? பசி உயிர் போகுது" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பேச்சோடு பேச்சாக மறுநாள் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"காலையிலேயே டாங்கைக் காலி பண்ணி வச்சிருவாங்களாம். காலி டாங்குதான, மேல ஏறிக் கப்பிக்கு நாலு பொட்டு வெல்டிங் வச்சா வேலை முடிஞ்சுச்சு. மத்தியானம் டீசல் லாரி வந்துரும்னு போர்மேன் சொல்லிட்டாரு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "மாமா, காலி டாங்க்லதான் ஆபத்து. உள்ள ஆவி இருக்கும்."

"வந்துட்டாங்கய்யா டீச்சரம்மா." மாமா என் பின்னலைப் பிடித்து இழுத்தார். "பெட்ரோல்னா நானே கிட்டப் போக மாட்டேன். இது டீசல் புள்ள. தீக்குச்சியப் பொருத்தி டீசலுக்குள்ள போடு, அணைஞ்சு போகும். ஒங்க அப்பாவையே கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

நீங்களும் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். அது பொய்யும் இல்லை. "அது நிறைய டீசல் இருக்கும்போது மாமா. சூடு பட்டா..." என்று இழுத்தேன்.

"எந்தப் புஸ்தகத்துல படிச்ச?"

"லைப்ரரியில."

"அந்தப் புஸ்தகத்தை நாளைக்கு அனுப்பு. அதுவே ஏணியில ஏறி வெல்டிங் வச்சுட்டு வரட்டும்."

அம்மா பஜ்ஜியெல்லாம் எடுத்து முடித்து, எண்ணெயைத் தூக்குச்சட்டியில் வடித்துவிட்டு, வெறும் கடாயை மறந்துபோய் அடுப்பிலேயே வைத்துவிட்டாள். திரும்பி மாமாவுக்குத் தட்டு எடுப்பதற்குள் கடாயிலிருந்து கரும்புகை. மூன்று பேருக்கும் இருமல். அம்மா முந்தானையால் பிடித்துக் கடாயை இறக்கினாள்.

அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது அப்பா. "மாமா, எண்ணெய் நெறைய இருந்தப்ப காயறதுக்கு எம்புட்டு நேரமாச்சு? நீங்கதான பசி பசின்னு கத்துனீங்க? இப்பக் கடாய் காலி. ஒட்டிக்கிட்டிருந்தது துளியூண்டு. அது எம்புட்டு சீக்கிரம் புகைஞ்சுச்சு பாத்தீங்களா? டாங்க் சுவர்லயும் அப்படித்தான டீசல் ஒட்டிக்கிட்டிருக்கும்? ஒங்க வெல்டிங்தான் அடுப்பு. இங்கயாவது புகை வெளிய போச்சு. அங்க மூடியில்ல இருக்கு? கடாய் காலின்னா..."

அம்மா இருமிக்கொண்டே வழக்கம்போல அதட்டினாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல காலி காலிங்காதடி. நெறஞ்சிருக்குன்னு சொல்லு."

புகை ஓட்டு இடுக்கு வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காலி டாங்கும் நிறைந்துதான் இருக்கிறது, ஆவியால். அம்மா என்ன சொன்னாள் என்பது அம்மாவுக்கே அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். கையில் கடாயோடு அப்படியே நின்றாள்.

கடைசியில் மாமாதான் கேட்டார். "சரி, அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"டாங்க் வாயில இருக்குற மூடி போல்ட்டு போட்டதுதானே? அப்பா சொல்லியிருக்காங்க. மூடியை மட்டும் கழட்டித் தூரமாக் கொண்டு போங்க. ஓட்டை போடுறது, கப்பி வைக்கிறது எல்லாம் அதுலயே வைங்க. டாங்க் கிட்ட நெருப்பே வேண்டாம். பலகையை ஏணியில போல்ட்டு வச்சுக் கட்டிரலாம்."

"துருப்பிடிச்ச போல்ட்டு. கழட்டவே அரை நாளாகும். மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்னு போர்மேன் நிக்கிறாரு. இந்த வேலையைச் சொதப்புனா அடுத்த வேலை குடுக்க மாட்டாங்க." பஜ்ஜியைப் பிட்டார். வாயில் போடவில்லை. "பாக்கலாம்."

பாக்கலாம்! நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் சரி என்று அர்த்தமா, மாட்டேன் என்று அர்த்தமா? நீங்கள் எனக்கு சைக்கிள் வாங்கித் தருவதற்கும் 'பாக்கலாம்' என்றுதான் சொன்னீர்கள். வாங்கியும் தந்தீர்கள். ஆனால் சர்க்கஸ் பார்க்கப் போகக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னீர்கள். காலையில் மாமா கிளம்பும்போது வாசல் வரைக்கும் போனேன். வெல்டிங் கண்ணாடியைப் பைக்குள் திணித்தார். அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டாமென்றால் அதை எதற்கு எடுத்துப் போகிறார்?

அம்மா மாமாவுக்கான சோற்றை மூடி வைத்துவிட்டு, காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெரிய ரோட்டுப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். லாரி டயராக இருக்கும். அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். மில் எங்கே இருக்கிறது, பழங்காநத்தம் எங்கே இருக்கிறது? அங்கே வெடித்தால் இங்கே கேட்காது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நீங்கள் விழுந்த அன்றும் எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லையே அப்பா. நான் ஜடை பின்னிக்கொண்டு இருந்தேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

*

வந்துவிட்டார்! அப்பா, வந்துவிட்டார்!

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில் வந்தார். சட்டை முழுக்க டீசல், கை முழுக்கத் துரு, விரலில் துணிக்கட்டு. அம்மா வாசலிலேயே நின்று, "ஏண்டா இம்புட்டு நேரம்?" என்று கத்தினாள். அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"போல்ட்டு அக்கா, போல்ட்டு! ஒண்ணொண்ணும் கழட்டுறதுக்குள்ள தாவு தீந்து போச்சு." கால் கழுவிக்கொண்டே சொன்னார். போனதும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாராம். மூடியைக் கழற்றி, டாங்கின் வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, மூடியைக் கீழே இறக்கி உருட்டிக்கொண்டு கேட்டுப் பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போயிருக்கிறார். ஓட்டையும் வெல்டிங்கும் அங்கேதான். அதற்குத்தான் கண்ணாடி! எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

போர்மேன் வந்து சத்தம் போட்டிருக்கிறார். "நாலு பொட்டு வைக்க மூடியத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போறீங்களா? லாரி வந்து நிக்குதுய்யா!"

"நீ என்னடா சொன்ன?" என்றாள் அம்மா.

"எங்க மச்சான் விழுந்த எடம் சார். இங்க நான் அவசரப்பட மாட்டேன்னு சொன்னேன். அவரு வாட்சைப் பாத்துக்கிட்டே உள்ள போயிட்டாரு. லாரிக்காரன் பாட்டுக்கு வேப்பமரத்தடியில தூங்கிட்டான்."

மூடியைத் திரும்பப் போட்டு, உள்ளே இறங்குகிற டீசல் குழாயில் பந்து இடிக்காத இடமாகப் பார்த்துவிட்டு, ஏணியில் என் பலகையைக் கட்டியிருக்கிறார். பிறகு லாரி ஊற்ற ஆரம்பித்தது. உச்சியில் நின்ற முள், நான் எழுதிய ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்கியதாம். மில்லில் பாதிப் பேர் வெளியே வந்து நின்று பார்த்தார்களாம்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்ப இப்ப டாங்கு எப்படி?"

"நெறஞ்சிருக்கு அக்கா."

"எந்த நெறஞ்சிருக்குடா?"

மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள் அப்பா. நீங்கள் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. இதை எழுதும்போதும் உள்ளேயிருந்து இன்னும் கேட்கிறது.

அம்மா பாத்திரம் கழுவப் போன பிறகு மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார். "எல்லாம் முடிஞ்ச பிறகும் ஒரு வாட்டி மேல ஏற வேண்டியதாப் போச்சு புள்ள. பலகை சொல்றது சரியான்னு பாக்கணும்ல? மச்சானோட அளவுக் கம்பி அங்கயேதான் மாட்டியிருந்துச்சு. உள்ள விட்டு எடுத்தேன். ஆறடி நனைஞ்சிருந்துச்சு. இறங்கி வந்து ஒன் பலகையப் பாத்தா, முள்ளு நீ போட்ட ஆறு மேலயே நிக்குது."

என் நகத்தில் இன்னும் அந்தப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு. சோறு கொண்டு வர்றப்பக் கீழ நின்னு கூப்பிட்டாலும் அப்பா திரும்பிப் பாக்க மாட்டாருன்னு கோவிச்சுக்குவல்ல? கால் நடுங்கும்னு ஒங்கிட்டச் சொல்லியிருக்காரு. பொய்யி. அங்கயிருந்து நாகமலை அம்புட்டும் தெரியுது. அதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு மனுசன்."

மலையையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? தினமுமா? ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?

தமிழ் டீச்சர் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். வெல்டிங் வைக்கிற யார் வீட்டிலாவது யாராவது படிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வெயிலுக்கு என் எண்கள் சீக்கிரம் மங்கிவிடும். மங்கும்போதெல்லாம் நீளக் கழியில் தூரிகையைக் கட்டி நான் போய்த் திரும்ப எழுதுவேன். பள்ளிக்கூடம் முடித்து எங்கே போனாலும் அதற்காக வருவேன். எண் தெரியவில்லை என்று சொல்லி அந்த ஏணியில் இன்னொருவர் கால் வைக்க விடமாட்டேன். எழுதி முடித்ததும் கீழே நின்றே, உங்களுக்காக ஒரு தடவை, மலை இருக்கிற பக்கம் பார்ப்பேன்.

உங்கள் அளவுக் கம்பி ஆறு என்றதும் பலகையில் ஆறு என்றே சொன்ன
உங்கள் மகள்,
தமிழரசி