மருந்து பூசின பலூன்

என்ரை செல்ல மகளுக்கு,

காலுக்குச் சூடு வந்திட்டுது பிள்ளை! வெட்டுற கதை இனி இல்லை.

போனமுறை பலூன் விட்டு விரிச்ச இரத்தக்குழாய் திரும்ப அடைச்சதெல்லோ? இந்தமுறை விட்டது மருந்து பூசின பலூனாம். உள்ளுக்கை விரியேக்கை குழாய்ச் சுவரிலை மருந்தை ஒத்திவிடுமாம், லேசிலை அடையாதாம். டொக்டர் சொல்லச் சொல்ல எனக்குப் படுக்கை கொள்ளேல்லை. நான் வீட்டுப்படி ஏறவிடாத உன்ரை அந்தப் பெடியன் ஜெர்மனிக் கொம்பனியிலை இருந்து செய்யிறது இந்தப் பலூனைத்தானே! வார்ட் முழுக்கச் சொல்லிப்போட்டன்.

புனித யாகப்பர் திருநாளுக்கு நான் கூடு தூக்குவன். அவற்றை சுருவத்தை வைச்சுப் பவனியா வாற அந்தக் கூட்டைச் சுமக்க எங்கடை வீட்டிலை இருந்து எப்பவும் ரண்டு தோள். ஒண்டு என்ரை.

மற்றதுக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு வா.

உன்ரை
அப்பா